கிணற்றை ஆழமாக்கவும் வேண்டாம், பொச்சுமட்டையை விற்கவும் வேண்டாம்

கேள்வி: யாழ்ப்பாணம் அராலியில் எங்களுக்கு 4 பரப்பு வளவு. 7 தென்னை, 2 தேசி (எலுமிச்சை), ஒரு கறுத்தக்கொழும்பான் மா, கிணற்றடியில் கத்தரி, மிளகாய்ப் பாத்திகள். கிணறு 18 அடி. ஆடி பிறந்தால் தண்ணீர் உவர்க்கத் தொடங்கிவிடும். ஒரு குதிரைவலு மோட்டரில் ஒரு மணித்தியாலம் இறைத்தால் கடைசியில் வருவது வாயில் வைக்க முடியாது. தேசி இலைகள் நுனியிலிருந்து கருகி உதிர்கின்றன. 60 அடிக்குக் குழாய்க்கிணறு அடித்தால் நல்ல தண்ணீர் வரும் என்கிறார் துளையிட வந்தவர். மருந்துக் கடையில் உப்பை முறிக்கும் திரவம் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். எதைச் செய்வது? தேசிக்கு நாளுக்கு எத்தனை லீற்றர் விடவேண்டும்?

பதில்: அம்மா, 60 அடிக்கு அடிக்கவே வேண்டாம். எங்கள் சுண்ணக்கல்லுக்குள் இருக்கும் நன்னீர் உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது கணக்கு. கடனீரேரிக் கரையில் கோடையில் அந்த ஓரடி நிற்பதே பெரிய காரியம். நீங்கள் இறைத்து மட்டத்தை அரை அடி இறக்கினால் அடியில் இருக்கும் உப்பு 20 அடி ஏறப் பார்க்கும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்பது ஊரறிந்த விஷயம். உங்கள் கிணற்றிலும் அதே கதைதான். அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் ஆழமாகத்தான் போகச் சொல்வார். உப்பு வந்தால் அவர் காசைத் திருப்பித் தரப்போவதில்லை.

திரவத்தையும் வாங்காதீர்கள். மண்ணில் ஊற்றி உப்பை மறையச் செய்யும் மருந்து கிடையாது. உப்பைக் கழுவுவது மழையும், வேருக்குக் கீழே இறங்கிப் போகும் நல்ல தண்ணீரும் மட்டும்தான். ஜிப்சம் போடச் சொன்னாலும் கேட்காதீர்கள். அது சோடியம் பிடித்து இறுகிய மண்ணுக்கு. சுண்ணாம்பு நிறைந்த எங்கள் மண்ணுக்கு அதனால் பெரும்பாலும் பயனில்லை.

முதலில் மாற்ற வேண்டியது இறைக்கும் விதம். உங்கள் உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கும் புட்வால்வு கிணற்றின் அடியில் கிடக்கும், உப்பு இருப்பதும் அங்கேதான். வளையக்கூடிய, உள்ளே வரி வைத்த உறிஞ்சு குழாய் வாங்குங்கள், சாதாரண ஹோஸ் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்ரிக் கலனில் புட்வால்வைக் கட்டி, நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே தொங்கவிடுங்கள். அதைவிட மேலே வைத்தால் காற்றை இழுத்து மோட்டர் வெறுமையாக ஓடும். மோட்டரிலிருந்து வெளியே போகும் குழாயில் ஒரு கேற் வால்வு பூட்டிப் பாதிக்கு மூடுங்கள். அதனால் மோட்டருக்குக் கேடில்லை, முழுதாக மூடி ஓடவிட்டால்தான் சூடேறும். உறிஞ்சும் பக்கத்தில் மட்டும் வால்வு பூட்டிக் குறைக்கக் கூடாது. ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலம் என்பதை விட்டு, காலை, மத்தியானம், மாலை என்று 15 நிமிடம் வீதம் இறைத்துத் தாங்கியில் நிரப்புங்கள். துலாவால் இறைத்த காலத்தில் கிணறுகள் மெல்ல ஊறி மெல்லக் குறைந்தன. மோட்டர் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை.

தேசிக்குக் கணக்குக் கேட்டீர்கள். காய்க்கிற மரத்துக்குக் கோடையில் 4 நாளுக்கு ஒருமுறை 120 முதல் 150 லீற்றர். மணல் நிலமென்றால் 2 நாளுக்கு ஒருமுறை 70. தினமும் ஒரு வாளி ஊற்றுவதுதான் உங்கள் மரத்தைக் கெடுக்கிறது. அந்தத் தண்ணீர் மேல் மண்ணோடு ஆவியாகி, உப்பை அங்கேயே விட்டுப் போகிறது. கிளை நுனி விழும் வட்டத்தில் பாத்தி கட்டி விடுங்கள், அடிமரத்தில் வேண்டாம். உவர்த் தண்ணீரை இலைமேல் விசிறினால் இலை நேராகவே கருகும். எம்.ஓ.பி. என்ற பொட்டாசியப் பசளையில் குளோரைட்டு இருக்கிறது. தென்னை அதை விரும்பும், தேசி தாங்காது. உடுப்புத் தோய்த்த தண்ணீரும் தேசிக்கு ஆகாது, வாழைக்கு விடுங்கள்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்டது. வருடம் முழுக்க 7 தென்னையின் பொச்சுமட்டை, அதாவது தேங்காய் உரித்த மட்டை, எங்கே போகிறது? பெரும்பாலான வளவுகளில் லொறிக்காரனுக்குப் போகிறது, மிச்சம் அடுப்புக்கு. விடிந்ததும் வளவைத் துப்புரவாகக் கூட்டி, சருகைக் குவித்துக் கொளுத்துகிறோம். அப்படி வெறுமையாக்கிய நிலத்தில்தான் வெயில் நேராக விழுந்து, நாம் விட்ட தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. பொச்சை விற்ற காசோடு மேலும் காசு போட்டு, அதே பொச்சின் தூளைக் கட்டியாக வாங்கிச் சாடிக்குள் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

ஆவணி, புரட்டாதியில், மாரிக்கு முன், இந்த மட்டையைப் புதைக்கக் கிடங்கு வெட்டுங்கள். தென்னை அடியிலிருந்து 6 அடி தள்ளி, ஒரு பக்கத்தில் மட்டும் அரைவட்டமாக 2 அடி அகலம், 2 அடி ஆழம். மறுபக்கம் அடுத்த வருடம், ஒரேயடியாகச் சுற்றி வெட்டினால் வேர் அறுந்து மரம் தளரும். மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, 2 அங்குல மண் போட்டு, அடுத்த அடுக்கு. 3 அல்லது 4 அடுக்கு வரும். மாரித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கோடையில் மெல்ல விடும். 5 வருடத்துக்குக் குறையாமல் உழைக்கும். உங்கள் 7 மரத்தின் மட்டை எல்லாவற்றுக்கும் ஒரே வருடத்தில் காணாது, வருடத்துக்கு 2 மரம் என்று போங்கள்.

2 அடி வெட்டுமுன் பாறை தட்டினால் விடுங்கள், மேலே பரப்புங்கள். அப்போது குழிந்த பக்கம் கீழே கவிழ வேண்டும். நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொரு மட்டையிலும் தண்ணீர் நின்று டெங்கு நுளம்பு பெருகும். சிரட்டையைக் கலக்கவே வேண்டாம். அடிமரத்திலிருந்து ஓரடி வெறுமையாக விடுங்கள், காய்ந்த மட்டையில் கறையான் ஏறும். தேசிக்குப் புது மட்டை போடாதீர்கள், அதிலும் உப்பு உண்டு. ஒரு மாரி முழுக்க மழையில் கிடந்ததைப் போடுங்கள், அல்லது கூட்டிய சருகையே 4 அங்குலத் தடிப்பில் போடுங்கள்.

கூரைத் தண்ணீரையும் வீணாக்காதீர்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,300 லீற்றர் விழும். பீலி வைத்து, முதல் மழையை வெளியே விட்டு, மிச்சத்தைத் தென்னைக் கிடங்குகளுக்குத் திருப்புங்கள். மலசலகூடக் குழிக்கு அருகே மட்டும் இறக்கக் கூடாது, அழுக்கெல்லாம் கிணற்றுக்கு வரும்.

இந்தக் கோடையில் கத்தரி, மிளகாயை விட்டுவிடுங்கள், போஞ்சி, வெங்காயத்தை நினைக்கவும் வேண்டாம். பீட்ரூட் ஓரளவு உவரைத் தாங்கும். கல் கட்டிய போத்தல் இரண்டில் கிணற்றின் மேலிருந்தும் அடியிலிருந்தும் தண்ணீர் எடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனைச் சோதிப்பியுங்கள். மேல் தண்ணீர் 700 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழ் என்றால் எந்தப் பயிருக்கும் பயமில்லை. 3,000 தாண்டினால் அந்தத் தண்ணீர் தென்னைக்கு மட்டும். இரண்டு இலக்கங்களையும் எழுதி அனுப்புங்கள், தேசியைக் காப்பாற்றலாமா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.