சோப்பைக் குறை சொல்லும் முன் தண்ணீரைக் குலுக்கிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு நல்ல சுருட்டை முடி. ஷாம்பு வேண்டாம் என்று முடிவெடுத்து, ஒரு கண்காட்சியில் கையால் செய்த தேங்காய் எண்ணெய் சோப்பை 180 ரூபாய் கொடுத்து வாங்கினேன். "தலைக்கும் உடம்புக்கும் ஒரே சோப்பு" என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்று வாரமாகத் தலைக்கு அதுதான். வேர்ப்பக்கம் மெழுகு பூசியதுபோல் பிசுக்கு, நுனி தேங்காய் நார். ஆனால் நடுவில் நான்கு நாள் திருநெல்வேலியில் அக்கா வீட்டில் இருந்தபோது அதே சோப்பில்தான் குளித்தேன், முடி பரவாயில்லாமல் இருந்தது. சோப்பு போலியா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: போலி என்று சொல்ல மாட்டேன். அக்கா வீட்டில் வந்தது தாமிரபரணித் தண்ணீராக இருக்கும். உங்கள் வீட்டில் போர் தண்ணீர்தானே?

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு காலி தண்ணீர் பாட்டில்களை எடுத்து, ஒன்றில் பாதிக்குக் குழாய்த் தண்ணீரும் இன்னொன்றில் பாதிக்குக் கேன் தண்ணீரும் பிடியுங்கள். அந்தச் சோப்பையே நகத்தளவு சீவி இரண்டிலும் போட்டு மூடி, நன்றாகக் குலுக்குங்கள். கேன் தண்ணீரில் நுரை எழும்பி நிற்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரைக்குப் பதில் திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திட்டுகள் மிதக்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத பிசுக்காக மாறிவிடுகின்றன. உங்கள் வேர்க்கால்களில் ஒட்டுவது இதுதான். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தபோது பிளாஸ்டிக் பக்கெட்டின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விழும். விரலால் வழித்தால் மெழுகுபோல் சுருண்டு வரும். பக்கெட்டையாவது தேய்த்துக் கழுவிவிடலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. கடலோர போர் தண்ணீரில் பல இடங்களில் இது கூடுதல்தான். ஷாம்புவில் இருக்கும் நுரைப்பொருள் இப்படித் திரியாது. அதனால்தான் ஷாம்பு போட்டவரை உங்களுக்கு இது தெரியவில்லை.

நுனி நாராவதற்குக் காரணம் வேறு. எந்த நிஜ சோப்பும் காரத்தன்மை உள்ளது, பிஎச் 9, 10 என்று இருக்கும். முடிக்கு ஏற்றது சற்றே புளிப்பான 5-க்குப் பக்கம். முடியின் மேல்தோல் நாட்டு ஓடு வேய்ந்ததுபோல் செதில் செதிலாக அடுக்கப்பட்டது. காரம் பட்டால் ஓடு தூக்கிக்கொள்ளும், ஒன்றோடொன்று சிக்கும். நீட்டு முடிக்காவது தலையில் ஊறும் எண்ணெய் நுனி வரை வழுக்கி இறங்கும். சுருட்டையில் ஒவ்வொரு வளைவிலும் நின்றுவிடும். அப்புறம், தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது என்பதால் தேங்காய் எண்ணெய் சோப்பும் நல்லது என்று நினைக்காதீர்கள். சோப்பாக மாறிய தேங்காய் எண்ணெய் அழுக்கை மிக வேகமாக எடுக்கும், முடியில் இருக்கும் எண்ணெயையும் விடாது.

சரி, வாங்கியாகிவிட்டது. தூக்கிப் போட வேண்டாம். குளிப்பதற்கு அரை மணி முன்பு நுனிக்கு மட்டும் எண்ணெய் தடவுங்கள். கட்டியை முடியில் தேய்க்காமல் கையில் நுரைத்து, விரலால் மண்டையில் மட்டும் தேயுங்கள். அலசும்போது வழிகிற நுரை நுனிக்குப் போதும். தாராளமாக அலசியபின், கடைசி இரண்டு சொம்பு மட்டும் கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். பிறகு ஒரு பெரிய சொம்புத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து விட்டு, ஒரு நிமிடம் கழித்து லேசாக அலசிவிடுங்கள். இதில் வரிசை முக்கியம். சோப்பு போகும் முன்பே வினிகரை ஊற்றினால் சோப்பு உடைந்து கொழுப்பாகப் பிரிந்து, இப்போதைவிட மோசமாக ஒட்டும். எலுமிச்சைச் சாறும் ஆகும், ஆனால் தலையில் புண் இருந்தால் இரண்டுமே வேண்டாம். ஈரத்தைத் துவட்ட பழைய வேட்டித் துணி போதும், பூந்துவாலை சுருளைக் கலைத்துவிடும். வாரம் ஒரு தடவைக்கு மேல் இந்தச் சோப்பு வேண்டாம்.

அடுத்த முறை வாங்கும்போது உறையின் பின்பக்கம் படியுங்கள். சோடியம் கோகோயேட், சோடியம் பாமேட், சோடியம் ஒலிவேட் என்று இருந்தால், முன்பக்கம் செம்பருத்தியோ சீயக்காயோ எது படம் போட்டிருந்தாலும் அது சோப்புதான். சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட் என்று முதலில் வந்தால் அது கட்டி வடிவ ஷாம்பு, உப்புத் தண்ணீரிலும் திரியாது. டிஎஃப்எம் (சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்பின் சதவீதம்) 76 என்று பெருமையாகப் போட்டிருப்பது உடம்புச் சோப்பின் தரம், முடிக்கு அதைப் பார்த்துப் பயனில்லை. இயற்கையாகத்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு சீயக்காய்த் தூளுக்கு. அதில் நுரைப்பது சோப்பு அல்ல, காரமும் இல்லை. வெறும் தண்ணீரில் குழைத்தால் அதுவும் வறட்டும். வடித்த கஞ்சியில் குழையுங்கள், கூடவே ஒரு பிடி செம்பருத்தி இலையை அரைத்துச் சேர்த்தால் அந்த வழவழப்பில் சிக்கு தானாக விடும். கண்ணில் மட்டும் படவிடாதீர்கள்.

கேள்வி: நான் வாங்கிய தலைச் சோப்பின் உறையில் "100% இயற்கை, கெமிக்கல் இல்லாதது" என்பதைத் தவிர எதுவும் இல்லை. விலாசம்கூட இல்லை. பில் கேட்டதற்கும் சிரித்துவிட்டார்கள். திருப்பிக் கொடுக்க முடியுமா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டிச் சோப்பே கிடையாது. சரியாகச் செய்து சில வாரம் காயவைத்த சோப்பில் அது மிச்சம் இருக்காது, அவ்வளவுதான். ஆகவே "கெமிக்கல் இல்லாதது" என்பதை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் விலாசம் இல்லாதது நிஜமான தப்பு. தயாரித்தவர் பெயர், விலாசம், எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், சேர்மானங்கள், உரிம எண் எல்லாம் உறையில் இருக்க வேண்டும். வீட்டில் செய்து விற்பவருக்கும் இது பொருந்தும். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற பலகை அங்கே செல்லாது. ஆனால் முடி வறண்டது என்பது மட்டும் காரணம் என்றால் நிற்காது, தண்ணீர்தான் காரணம் என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். உறையின் குறையைச் சொல்லி முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். உறையை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, ஜிபேயில் பணம் போன விவரத்தையும் சேமித்து வையுங்கள். பில் இல்லாத குறைக்கு அது உதவும்.