வயசைக் காட்டி ஒதுக்குறாங்க, என்ன பண்றது?

கேள்வி: எனக்கு 48 வயசு, பல வருஷமா ஒரே கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். புதுசா வந்த மேனேஜர் புது சாஃப்ட்வேருக்கு ட்ரெயினிங் போட்டாரு, டீம்ல என் பேரு மட்டும் லிஸ்ட்ல இல்ல. கேட்டா "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு மேடம் டென்ஷன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. இப்ப ப்ரமோஷனும் என் ஜூனியருக்குப் போயிடுச்சு. பேசாம ரிசைன் பண்ணிடலாமான்னு இருக்கு.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ரிசைன் லெட்டரை மட்டும் இப்ப கொடுத்துடாதீங்கம்மா. நீங்களா எழுதிக் கொடுத்துட்டா "அவங்களா விரும்பித்தான் போனாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க, அப்புறம் நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

எனக்கு ப்ரமோஷனை விட அந்த ட்ரெயினிங் லிஸ்ட்தான் பெருசா படுது. ஏன்னா முதல்ல ட்ரெயினிங் கொடுக்க மாட்டாங்க, கொஞ்ச நாள் கழிச்சு அப்ரைசல்ல "புது சாஃப்ட்வேர் தெரியல"ன்னு எழுதுவாங்க, அதுக்கப்புறம் வேலை தெரியலன்னுதான் ஒதுக்குனோம், வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு கை கழுவிடுவாங்க. அதனால இந்த இடத்துலயே பிடிங்க. இன்னைக்கே அவருக்கு மெயில் போடுங்க, கோபமோ புலம்பலோ வேண்டாம்: "ட்ரெயினிங் லிஸ்ட்ல என் பேரு விடுபட்டிருக்கு, என் வேலைக்கு இது தேவை, அடுத்த பேட்ச்ல சேருங்க, முடியாதுன்னா காரணம் சொல்லுங்க." வாயால சிரிச்சுக்கிட்டே சொன்ன காரணத்தை எழுத்துல எழுதறதுக்கு யாருக்கும் தயக்கம் வரும். ப்ரமோஷனுக்கு என்ன தகுதி பாத்தீங்கன்னும் அதே மாதிரி கேளுங்க. அவர் சொன்ன வார்த்தை, தேதி, பக்கத்துல யார் இருந்தாங்க, எல்லாத்தையும் உங்க சொந்த நோட்டுல குறிச்சு வைங்க, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வேண்டாம். பதில் வரலைன்னா அந்த மெயிலோட ஹெச்ஆர்கிட்ட போங்க.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால ஒரு லேபர் வக்கீலைப் பாக்குறது நல்லது, அதுவும் சீக்கிரமா. அமெரிக்காவுல வேலையில வயசுப் பாகுபாடு காட்டக் கூடாதுன்னு 1967லயே தனிச் சட்டம் வந்துடுச்சு, ஆனா அங்கயும் பொதுவா 180 நாளுக்குள்ள, பல மாநிலங்கள்ல 300 நாளுக்குள்ள புகார் கொடுத்தாகணும். ஆத்திரம் ஆறட்டும்னு உக்காந்திருந்தா கெடு தாண்டிடும்.

கேள்வி: எனக்கு 24 வயசு. மீட்டிங்ல வாயைத் திறந்தாலே "சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும்"ங்கறாங்க. இதுவும் வயசுப் பாகுபாட்டுல சேருமா சார்?
- இன்னொரு வாசகர்

பதில்: கண்டிப்பா சேரும் தம்பி. உலக சுகாதார நிறுவனம் 2021ல வெளியிட்ட அறிக்கையே வயசுப் பாகுபாடு இளைஞர்களையும் பாதிக்குதுன்னு சொல்லுது. பிரிட்டனோட 2010 சமத்துவச் சட்டம் எந்த வயசுக்காரங்களுக்கும் பொருந்தும், நான் மேல சொன்ன அமெரிக்கச் சட்டம் 40 வயசுல இருந்துதான். நீங்க சொல்ல வந்ததை மீட்டிங்குக்கு முந்தின நாளே ரெண்டு பாயிண்ட்டா எல்லாருக்கும் அனுப்பிடுங்க, அப்ப அவங்க உங்க வயசுக்கு இல்ல, அந்த பாயிண்ட்டுக்குத்தான் பதில் சொல்லணும்.