வனதேவிக்கு இடி எதற்கு?

உங்கள் நாவலின் வனதேவி முதல் பாதியில் விதைகளை முளைக்க வைக்கிறாள், அரசன் காட்டை வெட்டியதும் இடியும் நெருப்புமாக இறங்குகிறாள். படித்தவர்கள் ‘இரண்டு வேறு ஆட்கள் மாதிரி இருக்கிறது’ என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அவள் கோபம் பிரச்சினையாகத் தெரியவில்லை. ஆயுதம்தான் தப்பு. இடி அவளுடையதே இல்லையே!

கிரேக்கத் தொன்மத்தின் தானியத் தேவி டிமீட்டரைப் பாருங்கள். எரிசிக்தோன் என்பவன் விருந்து மண்டபம் கட்ட அவளுடைய புனிதத் தோப்பில் கோடரி வைக்கிறான். பூசாரிப் பெண் உருவில் வந்து முதலில் நயமாகத்தான் சொல்லிப் பார்க்கிறாள். அவன் கேட்கவில்லை. தண்டனை, தீராப் பசி. தின்னத் தின்னப் பசி கூடுகிறது, சொத்தெல்லாம் வயிற்றுக்குள் போகிறது. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் வடிவத்தில் கடைசியில் தன் உடம்பையே தின்கிறான். சோறு போடுகிறவள் சோற்றாலேயே அடிக்கிறாள்.

நம்மூர் மாரியம்மனும் கிட்டத்தட்ட அப்படித்தான். மாரி என்றால் மழை. அம்மை போட்டாலும் ‘ஆத்தா வந்திருக்கா’ என்போம், இறங்கச் சொல்லி வேண்டுவதும் அவளிடமே.

அதனால் அரண்மனைத் தூண்கள் துளிர்விட்டுக் கூரையைப் பிளக்கட்டும். களஞ்சியத்து நெல் ஒரே இரவில் முளைத்து வீணாகட்டும். அப்புறம், அவள் முன்கூட்டி எச்சரிக்கும் காட்சி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.