பேத்தியின் கையைத் தடுக்கலாமா?

கேள்வி: என் பேத்திக்கு நான்கு வயது. பிறவியிலேயே காது கேட்காது. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை உதட்டில் வைத்துக் காட்டுகிறாள். “சைகை பழகினால் பேச்சு வராது, கையைத் தட்டிவிடுங்கள்” என்கிறார்கள் உறவினர்கள். இது உண்மையா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: இல்லை அம்மா. அந்தக் கையை யாரும் தட்டிவிட வேண்டாம். வேலூரில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே என் காலம் போனது. அந்த உரிமையில் சொல்கிறேன்.

காது கேளாதவர்களுக்குக் கல்வி ஏறாது என்று உலகமே நம்பிய 16ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினில் பெத்ரோ போன்சே என்ற துறவி பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் எழுத்தையும் பிறகு பேச்சையும் கற்றுக்கொடுத்தார். ஏழைகளுக்குக் கதவு திறந்தது 1760 வாக்கில், பாரிஸில். டி லெப்பே என்ற பாதிரியார், பிள்ளைகள் தங்களுக்குள் பேசிய சைகையையே பாடமொழியாக்கி, காசு வாங்காமல் கற்பித்தார். அந்தப் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரான லோரன் கிளேர், தாமும் காது கேளாதவர், 1817இல் அமெரிக்காவில் ஒரு பள்ளி தொடங்கத் துணைநின்றார்.

எல்லாம் கெட்டது 1880இல். இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வாயால் பேசக் கற்பிக்கும் பேச்சுமுறையே உயர்ந்தது, சைகை வேண்டாம் என்று தீர்மானித்தது. வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர்! பள்ளிகளில் கைகள் அடக்கப்பட்டன. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். உங்கள் உறவினர்கள் சொல்வது அந்தத் தீர்மானத்தின் எச்சம்தான். 2010இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு அதை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள், எத்தனை தலைமுறைப் பிள்ளைகள்!

பேச்சுப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உதட்டருகே மெல்லிய காகிதத்தைப் பிடித்து ‘ப’ சொன்னால் காகிதம் துடிக்கும். ‘ம’ சொன்னால் துடிக்காது, மூக்கைத் தொட்டால் அதிர்வு தெரியும். இப்படித்தான் வேறுபாட்டைக் காட்டுவோம். ஆனால் ‘இதைப் பார், அதைத் தொடு’ என்று பிள்ளைக்குப் புரியவைக்க எனக்குச் சைகைதான் கைகொடுத்தது. பேச்சு வரும்வரை பசியையும் பயத்தையும் அவள் எதைக் கொண்டு சொல்வாள்?

செவித்திறன் பரிசோதனை செய்யவில்லையென்றால் உடனே செய்யுங்கள். மருத்துவர் சொன்னால் காதொலிக் கருவி பொருத்துங்கள். கூடவே வீட்டில் எல்லோரும் சைகை மொழி பழகுங்கள். டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் வீடியோ அகராதியில் 10,000க்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன, கைபேசியிலேயே பார்க்கலாம். பரிசோதனை அறிக்கையின் நகலை அனுப்பினால், பள்ளியில் சேர்ப்பது பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.