நாணயத்தில் எழுந்த கட்டடங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சில ஆண்டுகளாகப் பண்டைய ரோமானிய நாணயங்களைச் சேர்த்து வருகிறேன். கட்டடங்கள் பொறித்த நாணயங்களில் ஈடுபாடு வந்திருக்கிறது. வழக்கமான கோயில் முகப்பைத் தாண்டி, அரிய அமைப்பு உள்ளவை எவை? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நான்கு அல்லது ஆறு தூண்களும் மேலே முக்கோண முகடும் கொண்ட கோயில் முகப்பு ரோமானிய நாணயங்களில் அடிக்கடி வருவதுதான். அதிலிருந்து விலகி நிற்பவற்றுள் நான் முதலில் சொல்ல விரும்புவது, கி.மு. 56இல் வெளிவந்த ஒரு சிறு வெள்ளி டெனாரியஸ். மார்சியஸ் குடியைச் சேர்ந்த நாணய அதிகாரி ஒருவர், ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தம் குடியினர் ஒருவர் ரோம் நகருக்குக் கட்டித் தந்த மார்சியா நீர்க்கால்வாயை அதில் பொறிக்கச் செய்தார். வரிசையான வளைவுகளின் மேல் ஒரு குதிரை வீரனின் சிலை நிற்க, கால்வாயின் பெயரெழுத்துகள் அந்த வளைவுகளுக்குள்ளேயே பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கட்டடத்தையே எழுத்துப் பலகையாக்கிய அந்தச் செதுக்குநரின் கைத்திறனை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

பேரரசுக் காலத்துக்கு வந்தால், பேரரசர் நீரோவின் பெரிய பித்தளை நாணயங்களான செஸ்டெர்ஷியஸ்களில் ரோம் நகரின் ஆஸ்டியா துறைமுகம் வானிலிருந்து பறவை பார்ப்பதைப்போல் காட்டப்பட்டுள்ளது. இரு புறமும் வளைந்து வரும் அலைதடுப்புகள், நடுவே கப்பல்கள், கீழே சாய்ந்து படுத்த கடவுள் உருவம் ஆகியவை அதில் உண்டு. அச்சுக்கு அச்சு கப்பல்களின் எண்ணிக்கை மாறுவதால், ஒன்றை வாங்கியவர் இன்னொன்றையும் தேடத் தொடங்கிவிடுவார். பேரரசர் டைட்டஸ் கி.பி. 80ஆம் ஆண்டில் திறந்துவைத்த கொலோசியத்தைக் காட்டும் செஸ்டெர்ஷியஸ் இவ்வகையின் சிகரம். வெளிச்சுவரின் வளைவு அடுக்குகளும் உள்ளே நிறைந்திருக்கும் கூட்டமும் ஒரே பார்வையில் தெரியும்படி, சற்றே மேலிருந்து நோக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் கூம்பு வடிவ நீரூற்றின் எச்சம் 1936இல் இடிக்கப்பட்டுவிட்டதால், அதன் முழு உருவத்துக்கு இந்த நாணயம் மிக முக்கியமான சான்றாக இருக்கிறது. எஞ்சியுள்ள நாணயங்கள் மிகச் சிலவே. நம்மைப் போன்றவர்கள் அதை அருங்காட்சியகத்தில் பார்த்து மகிழ வேண்டியதுதான்.

ஆனால் புதுமையைத் தேடுபவர் ரோம் நகரத்தோடு நின்றுவிடக் கூடாது. கிழக்கு மாகாண நகரங்கள் தாமே வெளியிட்ட வெண்கல நாணயங்களில் கிடைக்கும் துணிவு தலைநகரில் இல்லை. பாலஸ்தீனத்தின் நியாபோலிஸ் நகரம் கெரிசிம் மலையையே நாணயத்தில் ஏற்றியது: அடிவாரத்தில் தூண் வரிசை, மலைமேல் ஏறும் நீண்ட படிக்கட்டு, உச்சியில் கோயில். பிற்கால அகழாய்வில் அக்கோயிலின் அடித்தளமும் படிகளும் வெளிப்பட்டன. பேரரசர் மாக்ரினஸ் ஆண்ட 217, 218ஆம் ஆண்டுகளில் இன்றைய லெபனானிலுள்ள பிப்லோஸ் நகரம் வெளியிட்ட நாணயத்தில், தூண்கள் சூழ்ந்த முற்றத்தின் நடுவே கூம்பு வடிவப் புனிதக்கல் ஒன்று நிற்கிறது. அலெக்சாந்திரியாவின் நாணயங்களில் அதன் புகழ்பெற்ற கலங்கரை விளக்கம், அது நின்றிருந்த காலத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: பழைய 1000 ரூபாய்த் தாளில் இருக்கும் தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்தவுடன் நமக்கு அடையாளம் தெரிகிறது. ரோமானிய நாணயத்திலுள்ள கட்டடத்தையும் அப்படியே நம்பலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அப்படியே நம்பலாகாது. ரூபாய்த் தாளின் ஓவியர் கோயிலை உள்ளது உள்ளபடி வரைந்தார். ரோமானியச் செதுக்குநரோ, விரல் நுனியளவு உலோகத்தில் இது எந்தக் கட்டடம், யாருக்கு உரியது, யார் கட்டியது என்பதைப் பார்ப்பவர் புரிந்துகொண்டால் போதும் என்று எண்ணினார். அதற்காக அவர் தூண்களைக் குறைத்தார். கருவறையின் உள்ளே இருக்கும் தெய்வம் வெளியே தெரியும்படி நடுத் தூண்களை இரு பக்கமும் விலக்கி வைத்தார். பேரரசர் ஹாட்ரியன் வீனஸ், ரோமா என்ற இரு தேவியருக்கும் சேர்த்து எழுப்பிய கோயிலுக்கு முகப்பில் பத்துத் தூண்கள் உண்டு. தீயில் சிதைந்த அக்கோயிலைப் பேரரசர் மாக்சென்டியஸ் 307ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுப்பித்தபோது வெளியான நாணயங்களில் பெரும்பாலும் ஆறு தூண்களும், சிலவற்றில் நான்கு தூண்களும் மட்டுமே இருக்கின்றன. ரோமாதேவி மட்டும் எல்லாவற்றிலும் நடுவில் அமர்ந்திருக்கிறாள்.

இதைவிடச் சிக்கலானது, முதல் பேரரசர் அகஸ்டஸ் போர்க்கடவுள் மார்ஸுக்கு எழுப்பிய கோயில். கி.மு. 19, 18ஆம் ஆண்டுகளை ஒட்டிய வெள்ளி நாணயங்களில் அது வட்ட வடிவக் கோயிலாக இருக்கிறது, கி.மு. 2இல் அகஸ்டஸ் அமைத்த பொதுச் சதுக்கத்தில் உண்மையில் திறக்கப்பட்டதோ, எட்டுத் தூண் முகப்புடைய செவ்வகக் கோயில். நாணயத்தில் உள்ள வட்டக் கோயில் வேறோர் இடத்தில் கட்டப்பட்டதா, அல்லது திட்ட அளவில் நின்றுவிட்டதா என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. கட்டி முடிக்காத கட்டடமும் நாணயத்தில் ஏறலாம் என்பதைச் சேகரிப்பவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஆயினும் நாணயத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. நீரோவின் நாணயங்களில் கதவு மூடியபடி நிற்கும், வாயில்களின் கடவுளான ஜேனஸின் கோயிலின் இடிபாடு இன்று அடையாளம் காணப்படவில்லை. நிலத்திலும் கடலிலும் அமைதி நிலவியதால் ஜேனஸின் கதவுகள் மூடப்பட்டன என்று நாணயத்தின் விளிம்பை ஒட்டிய சுற்றெழுத்து சொல்கிறது. சாளரத்தின் பின்னல் வேலை, வாயிலில் தொங்கும் மாலை, இரட்டைக் கதவு எல்லாம் துல்லியமாகத் தெரிகின்றன. கல் அழிந்தபின் அந்தக் கோயிலின் தோற்றத்தைக் காத்து வைத்திருப்பவை இந்த நாணயங்களே.

கேள்வி: மாதச் சம்பளக்காரன் நான். குறைந்த செலவில் எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், மதுரை)

பதில்: பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்தாரின் கோட்டை வாயில் நாணயங்களிலிருந்து தொடங்குங்கள். ஏறத்தாழ 318 முதல் 330 வரை பேரரசின் பல அக்கசாலைகளில் (நாணயம் அச்சிடும் கூடங்களில்) ஏராளமாக அச்சிடப்பட்ட சிறிய வெண்கல நாணயங்கள் இவை. அதனால் விலையும் எட்டக்கூடியது. வரிவரியாக அடுக்கிய கற்சுவர், மேலே இரண்டு சிறு கோபுரங்கள், அவற்றிடையே ஒரு விண்மீன் என்பதே பொதுவான அமைப்பு. எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் கல் வரிசைகளின் எண்ணிக்கை, கோபுரங்களின் எண்ணிக்கை, கீழே உள்ள அக்கசாலைக் குறி ஆகியவை மாறிக்கொண்டே இருக்கும். பிரான்சின் ஆர்ல் நகர அக்கசாலை, கதவுகள் அகலத் திறந்த வாயிலையும் வெளியிட்டது. இந்நாணயங்களில் காணப்படுவது உண்மையில் படைமுகாமின் வாயிலா, எல்லையிலிருந்த காவற்கோபுரமா என்ற விவாதமும் உண்டு. பத்து நாணயங்களை வரிசையாக வைத்து ஒப்பிடும்போது கண் பழகுவதைப்போல், விலை உயர்ந்த ஒரே நாணயத்தை வைத்துக்கொண்டு பழகாது.

கேள்வி: பச்சை படிந்த நாணயத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கூடாது. அந்தப் படலம் போனால் நுண்ணிய செதுக்கலும் உடன் போய்விடும்.

கேள்வி: போலிகளை எப்படிக் கண்டறிவது? (வாசகர், சென்னை)

பதில்: கட்டட நாணயங்களுக்கு நெடுங்காலமாகவே மதிப்பு அதிகம், எனவே போலியும் புதிதன்று. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவா நகரைச் சேர்ந்த ஜொவான்னி தா காவினோ ரோமானிய நாணயங்களைப் பின்பற்றிச் செய்த அழகிய பிரதிகள் இன்றும் சேகரிப்புகளில் இருக்கின்றன. வார்ப்பில் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடும், பரப்பில் நுண்குமிழ்க் குழிகளும், மழுங்கிய எழுத்துகளும் தெரியலாம். எடையும் பொருந்தாமல் போகலாம்.

நான் இதைவிட அஞ்சுவது, உண்மையான நாணயத்தில் பின்னாளில் செய்யப்படும் செதுக்கல் வேலையை. தேய்ந்துபோன ஒரு செஸ்டெர்ஷியஸை எடுத்து, தூண்களின் வரிகளையும் முகட்டின் சிற்பங்களையும் உளியால் மீண்டும் கூர்மையாக்கி விற்பார்கள். உலோகம் பழையது, எடை சரி. கட்டடம் மட்டும் நேற்றையது. தூண்கள் கூர்மையாகவும் சுற்றெழுத்து தேய்ந்தும் இருந்தால் ஐயப்படுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் சேகரிப்பை இணையத்தில் படங்களுடன் வைத்திருக்கிறது. அதே வகை நாணயத்தை அங்கே பார்த்தபின் முடிவெடுப்பது நல்லது. கைபட்டுச் சீரமைத்த கூர்மையான நாணயத்தைவிட, நேர்மையாகத் தேய்ந்த நாணயத்தையே நான் வாங்குவேன்.

கேள்வி: தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானிய நாணயங்களில் இவ்வகை உண்டா? (வாசகர், கரூர்)

பதில்: நம் மண்ணில் மிகுதியாகக் கிடைப்பவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளி, பொன் நாணயங்கள். அகஸ்டஸின் வகையில் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்கும் இரு இளவரசர்களும், டைபீரியஸின் வகையில் அமர்ந்த பெண்ணுருவமும் இருப்பார்கள், கட்டடம் இராது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பலவற்றில் பேரரசரின் முகத்தின்மேல் உளிவெட்டு இருந்ததுதான் அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது. நிலத்தில் இவ்வாறு புதையல் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கட்டடம் என்ற வகையில் ஒரே ஒரு தொடர்பு உண்டு. வியன்னாவில் பாதுகாக்கப்படும் பெயூட்டிங்கர் வரைபடம், ரோமானியர் காலத்து நிலப்படம் ஒன்றின் இடைக்காலப் படி. அதில் சேரர் துறைமுகமான முசிறியின் அருகே அகஸ்டஸ் கோயில் என்று எழுதி, ஒரு சிறு கட்டடமும் வரையப்பட்டிருக்கிறது.