இங்கிலாந்தில் கடை குத்தகைத் தகராறு என்றால் சொலிசிட்டர் போதாதா? பாரிஸ்டர் எதற்கு?

லண்டனில் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் இந்த வழக்குகளைத்தான் பார்க்கிறேன். எங்கள் கட்சிக்காரர்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள்.

கடிதம், நோட்டீஸ், ஆவணம் திரட்டுவது எல்லாம் சொலிசிட்டர் தரப்பில் நாங்கள் செய்வோம். சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று சந்தேகம் வந்தால் பாரிஸ்டரிடம் போவோம். விக் வைத்து வாதாடுவது அவர் வேலையில் ஒரு பகுதிதான். சொத்து, வணிக வழக்குகளில் ஊறியவரின் நாள் பெரும்பாலும் குத்தகைப் பத்திரம் படிப்பதிலும் கருத்துரை எழுதுவதிலும் போய்விடும்.

ஒரு கடைக்காரர் வந்தார். ஒரே இடத்தில் இருபது வருடத்துக்கு மேல் மளிகைக் கடை. கட்டட உரிமையாளர் இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி, 1954ஆம் ஆண்டு குத்தகைச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். பாரிஸ்டர் முதலில் கேட்டது, "நோட்டீசில் என்ன தேதி போட்டிருக்கிறது?" அந்தத் தேதிக்குள் கோர்ட்டில் மனு போடாவிட்டால், அல்லது எழுத்துமூலம் அவகாசம் வாங்காவிட்டால், புதுக் குத்தகை கேட்கும் உரிமையே போய்விடும். அடுத்து, குத்தகை எழுதும்போதே இந்தச் சட்டப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று பார்த்தார். நல்லவேளை, இல்லை.

அப்புறம்தான் இடிக்கும் விஷயம். லண்டன் ஜெர்மின் தெருவில் ஒரு ஹோட்டல் கட்டடத்தில் பழங்காலச் சித்திர நெசவுத் துணிகள் (tapestry) விற்ற கடையைக் காலி செய்ய வைப்பதற்காகவே, வேறெந்தப் பயனும் இல்லாத ஒரு கட்டட வேலையை உரிமையாளர் திட்டமிட்டார். அது செல்லாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைக்காரர் தானாகவே போய்விட்டாலும் இந்த வேலையைச் செய்வாயா? உரிமையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எங்கள் கடைக்காரர் இந்தத் தீர்ப்பைத்தான் பெரிதாக நம்பியிருந்தார்.

பாரிஸ்டர் எதிர்த்தரப்புக் காகிதங்களைப் புரட்டினார். திட்ட அனுமதி இருந்தது, கடன் ஏற்பாடு இருந்தது. "இவர் நிஜமாகவே கட்டப் போகிறார். வழக்கு போனால் தோற்பீர்கள்" என்று நேராகச் சொன்னார். கடைக்காரர் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்தப் பேச்சுக்குத்தான் அந்தக் கட்டணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இப்படி இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்ய வைத்தால், வரிக்காகக் கடைக்குக் குறித்திருக்கும் வாடகை மதிப்பு எவ்வளவோ, அதுதான் உரிமையாளர் தரவேண்டிய இழப்பீடு. 14 வருடத்துக்கு மேல் தொழில் நடந்திருந்தால் இரட்டிப்பு. அதை வைத்துப் பேசி, காலி செய்யக் கூடுதலாக ஒன்பது மாதமும் வாங்கினோம். பக்கத்துத் தெருவில் புதுக் கடை பிடிக்க அது போதுமானதாக இருந்தது.

செலவுக்குப் பயந்தால், 2004 முதல் சாதாரண மக்களும் பல பாரிஸ்டர்களிடம் நேரடியாகப் போகலாம். கட்டணத்தை அவருடைய சேம்பர்ஸ் (பாரிஸ்டர்களின் அலுவலகம்) கிளார்க்கிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். போகும்போது நோட்டீஸ் வந்த உறையையும் எடுத்துப் போங்கள்.