தறிக்குடோன் முதல் பஸ் பாடி பட்டறை வரை: காது பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தறி ஊர்களிலிருந்து வந்தவை. எழுதுகிறவர்களிடம் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வயது, ஓட்டும் மெஷின், எத்தனை வருட வேலை, நாளைக்கு எத்தனை மணி நேரம், தொந்தரவு ஒரு காதிலா இரண்டிலுமா என்ற ஐந்து விவரங்களும் வேண்டும். இவை இல்லாமல் எந்த மருத்துவராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது.

பதினொரு வருடமாகத் தறி ஓட்டுகிறேன், வயது 34. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் இரண்டு மணி நேரம் இரண்டு காதிலும் இரைச்சல் கேட்கிறது. டிவி சத்தத்தை அதிகம் வைக்கிறேன் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். காலையில் எழுந்தால் சரியாகிவிடுகிறது. இது நோயா? (பள்ளிபாளையம்)

விவரங்களை எழுதியதற்கு நன்றி அம்மா. இது எச்சரிக்கை. உட்காதில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. நாள் முழுக்க அடிபட்டவை இரவில் ஓரளவு தேறிக்கொள்வதால் காலையில் சரியாகிவிட்டதுபோல் தெரிகிறது. தினமும் இப்படியே நடந்தால் சில செல்கள் தேறாமல் இறந்துபோகும். இறந்தவை மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை.

ஆடியோகிராம், அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை, எடுத்துவிடுங்கள். சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் தறிச் சத்தம் காதில் விழக்கூடாது. ஞாயிறு விடுமுறை என்றால் திங்கள் காலை வேலைக்குப் போகும் முன் எடுப்பது நல்லது. முடிவுத் தாளின் ஒரு பிரதியை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலுக்கு என்று காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். பழுதானது எண்ணெய் போய்ச் சேராத இடத்தில் இருக்கிறது. செவிப்பறையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் எண்ணெயால் சீழ் பிடிப்பதுதான் மிச்சம்.

காது அடைக்கிறது. என்ன மாத்திரை சாப்பிடலாம்? (ஊர் எழுதவில்லை)

வயது இல்லை, வேலை இல்லை, எத்தனை நாளாக என்பதும் இல்லை. இதற்கு மாத்திரை எழுதுகிற மருத்துவரிடம் போகாதீர்கள். அழுக்கு அடைத்திருக்கலாம், சளியாக இருக்கலாம், சத்தத்தால் வந்த கேள்விக் குறைவாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். இரவு நன்றாக இருந்த ஒரு காது காலையில் திடீரென்று கேட்காமல் போயிருந்தால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

தறிக்குடோன் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் குறையும் என்கிறார்கள். எங்கள் ஊரில் அட்டை சும்மாவே கிடைக்கும். (நாமக்கல் அருகே)

ஒட்டாதீர்கள். கீச்சென்ற சத்தத்தில் கொஞ்சம் எதிரொலி குறையும், தறியின் இடிச் சத்தம் அப்படியே இருக்கும். பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் காகித அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டுவது தீயைக் கூப்பிட்டு உட்கார வைப்பதாகும்.

பனியன் துணி காம்பேக்டிங் பிரிவில் சூப்பர்வைசர். செல்போன் செயலியில் பார்த்தேன், 86 முதல் 88 டெசிபல் வரை காட்டுகிறது. சட்டத்தில் 90 வரை போகலாமாம். அப்படியானால் நாங்கள் பாதுகாப்பாக இருக்கிறோம்தானே? (திருப்பூர்)

செல்போன் அளவு தோராயமானது. அதை நம்பி எதையும் முடிவு செய்யவேண்டாம், அளவு கருவி வைத்து அளக்கச் சொல்வதற்கு ஆதாரமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போன் இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று கொள்ளுங்கள்.

நம் ஊர் விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று இருப்பது உண்மை. அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் 85 என்கிறது. நானும் 85-ஐத்தான் பிடித்துக்கொள்கிறேன். 90-லேயே வேலைக்காலம் முழுக்க இருந்தவர்களில் கணிசமானோருக்குக் காது போகிறது. இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள். இந்தக் கணக்கெல்லாம் 8 மணி நேரத்துக்கானது. உங்கள் ஊரில் ஷிப்ட் 12 மணி நேரம். 12 மணி நேரத்துக்கு 85 என்பது ஏறத்தாழ 83 ஆக இறங்கிவிடும். ஆகவே 88 பாதுகாப்பானது இல்லை.

எனக்கு 24 சாதாத் தறி. ஆட்களுக்கு இயர்பிளக் பெட்டி வாங்கி வாசலிலேயே வைத்துவிட்டேன். யாரும் போடுவதில்லை. “இருபது வருஷமா இந்தச் சத்தம்தானுங்க, பழகிப்போச்சு” என்கிறார்கள். அதற்கு மேல் முதலாளி என்ன செய்ய முடியும்? (சோமனூர்)

இந்தக் கேள்வி வருடத்துக்குப் பத்து முறை வருகிறது. “பழகிப்போச்சு” என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வேதனையாக இருக்கிறது. சத்தத்துக்குக் காது பழகுவதே கிடையாது. இருபது வருடத்துக்கு முன் அந்தக் குடோனுக்குள் நுழைந்தபோது காதைக் குத்திய சத்தம் இன்றைக்குக் குத்தவில்லை என்றால், அதை உணர்ந்த செல்கள் செத்துவிட்டன என்று பொருள். உங்கள் ஆட்கள் தங்களுக்குக் காது போய்விட்டது என்பதை உங்களிடம் அவர்கள் வாயாலேயே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சொலி கேட்கும் திறன். பேச்சின் உயிரெழுத்துகள் கேட்டுக்கொண்டே இருக்கும், ச, த போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். ‘காசு’ என்பதும் ‘காது’ என்பதும் ஒன்றுபோலத் தெரியும். “கேட்குது, புரியல” என்று வருகிறவர்கள் இவர்கள்தான். சேதத்தின் பெரும்பகுதி முதல் பத்துப் பதினைந்து வருடத்திலேயே நடந்துவிடுகிறது. குடோனுக்குள் எல்லோரும் கைச்சாடையிலும் உதட்டசைவிலும் பேசிக்கொள்வதால் அங்கே யாருக்கும் குறை தெரிவதில்லை. கல்யாண வீட்டில், பேரப்பிள்ளை பேச வரும்போது தெரிகிறது. அதற்குள் நாற்பத்தைந்து வயதாகியிருக்கும். “வயசாச்சு” என்று குடும்பமே முடிவு கட்டிவிடும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. இயர்பிளக் கடைசி வழி, நீங்கள் அதை முதலில் பிடித்துக்கொண்டீர்கள். நாடாத் தறியில் (ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கட்டைதான் நாடா) சத்தம் பிறக்கும் இடங்கள் உங்களுக்கே தெரியும். நாடாவைத் தள்ளிவிடும் பிக்கிங் ஸ்டிக் அடிக்கும் அடி, நாடா மறுபக்கப் பெட்டியில் போய் மோதுவது, தேய்ந்த பல்சக்கரம். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இது நடக்கிறது. நாடாவின் அடி விழும் இடத்தில் தேய்ந்துபோன பிக்கரையும் பஃபரையும் காலத்தில் மாற்றுங்கள், தளர்ந்த போல்ட்டை முடுக்குங்கள், சக்கரத்துக்குக் கிரீஸ் போடுங்கள், தறிக்காலுக்குக் கீழே ரப்பர் பட்டை கொடுங்கள். சத்தம் முழுதாகப் போய்விடாது. ஆனால் குறைகிற ஒவ்வொரு 3 டெசிபலும் காதில் விழும் ஆற்றலில் பாதி. 24 தறியில் 12-ஐ நிறுத்தினால் கிடைப்பதும் அதே 3 டெசிபல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பழுது பார்ப்பது எவ்வளவு மலிவு என்பது விளங்கும்.

அடுத்தது, தறியோடு இருக்கவேண்டிய அவசியம் இல்லாதவர்களை வெளியே கொண்டுபோங்கள். நாடாவுக்குள் வைக்கும் தார் நூல் சுற்றும் பெண்மணிக்கும் துணி மடிக்கும் முதியவருக்கும் 100 டெசிபல் சத்தத்துக்குள் என்ன வேலை? ஒரு தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களை உட்கார வைக்கலாம். தூளியில் தூங்கும் குழந்தைகளைத் தறிக்குப் பக்கத்தில் நான் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. வேலைக்கு வரும் தாய்மாருக்குக் குழந்தையை விட ஓர் அறை கொடுங்கள். இதற்குச் சட்டம் வந்து சொல்லவேண்டியதில்லை.

இதெல்லாம் செய்த பிறகு இயர்பிளக். பெட்டியை வாசலில் வைப்பது கொடுத்ததாகாது. எப்படிப் போடுவது என்று ஒவ்வொருவருக்கும் காட்டவேண்டும். கை கழுவி, பஞ்சுபோன்ற அந்தத் துண்டை விரல்களுக்கிடையே மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதை மேலே பின்னோக்கி இழுத்து, உள்ளே செருகி, அது விரியும் வரை முப்பது விநாடி அழுத்திப் பிடிக்கவேண்டும். பாதி வெளியே தொங்கினால் பயன் இல்லை. உறையில் 30 டெசிபல் என்று அச்சிட்டிருந்தால் நடைமுறையில் பாதிகூடக் கிடைப்பது அரிது. ஷிப்ட் நேரத்தில் பாதியைக் கழற்றிவிட்டு இருந்தால் எவ்வளவு நல்ல பிளக்காக இருந்தாலும் மொத்தப் பயன் 3 டெசிபலுக்கு மேல் வராது. வெறும் பஞ்சை அடைத்துக்கொள்வது கணக்கிலேயே சேராது. பிளக் போட்டால் பாவு நூல் அறுவது தெரியாது, பேச்சுக் கேட்காது என்பார்கள். அத்தனை சத்தத்தில், காது நன்றாக இருப்பவர்களுக்குப் பிளக் போட்ட பிறகு பேச்சு அதே அளவு கேட்கும், சில சமயம் தெளிவாகவும் கேட்கும். ஒரு வாரம் நீங்களே போட்டுக்கொண்டு குடோனுக்குள் நில்லுங்கள். முதலாளி காதில் இருப்பதைப் பார்த்தால் ஆட்கள் போடுவார்கள்.

கடைசியாக, புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சேரும்போதே ஆடியோகிராம், பிறகு வருடம் ஒன்று. ஷிப்டுக்கு நடுவில் வேனுக்குள் உட்கார வைத்து ஐந்து நிமிடத்தில் எடுப்பதைச் சோதனை என்று சொல்லாதீர்கள். முன்பு நான் போன ஓர் ஆலையில் அப்படி எடுத்த தாள்கள் பீரோவில் அடுக்கியிருந்தன. ஒரு தொழிலாளியிடம்கூட அவர் தாளைக் காட்டவில்லை. 14 மணி நேர ஓய்வுக்குப் பின் எடுங்கள், ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள்.

ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் (நூல் நூற்கும் மெஷின்) பார்க்கிறேன். ஆறாம் மாதம். இயர்பிளக் தவறாமல் போடுகிறேன். குழந்தைக்குப் பாதிப்பு வருமா? (அவிநாசி)

இயர்பிளக் உங்கள் காதை மட்டும்தான் காக்கும். ஐந்தாறு மாதத்தில் குழந்தைக்கும் கேட்கத் தொடங்கிவிடுகிறது. வயிறு கீச்சொலியைத் தடுக்கும், தாழ்ந்த அதிர்வொலியை அவ்வளவாகத் தடுக்காது. சுவீடனில் 2016-ல் வெளியான பெரிய ஆய்வில், கர்ப்ப காலத்தில் 85 டெசிபலுக்கு மேல் முழுநேரம் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கேள்விக் குறை கூடுதலாக இருந்தது. பயப்படவேண்டாம், பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே இருந்தன. ஆனாலும் பேறுகாலம் வரை கோன் பேக்கிங் போன்ற சத்தம் குறைந்த இடத்துக்கு மாற்றச் சொல்லி மருத்துவர் சீட்டோடு எழுதிக் கேளுங்கள். மெஷின் மீது வயிற்றைச் சாய்த்து நிற்காதீர்கள்.

பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகடு தட்டும் வேலை, பிறகு பெயிண்ட் பிரிவுக்கு மாறினேன். அங்கே சத்தமே இல்லை. ஆனாலும் காது மோசமாகிக்கொண்டே போகிறது. (கரூர்)

சுத்தியல் அடி ஒவ்வொன்றும் வெடிபோல. காது தன்னைக் காத்துக்கொள்ள ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை. வெனிஸ் நகரில் செம்பு தட்டுபவர்கள் செவிடாகிப்போவதை இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். பெயிண்ட் பிரிவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, தின்னரில் இருக்கும் டொலுவீன் போன்ற கரைப்பான்களும் காதுக்கு நஞ்சு. சத்தத்தோடு சேர்ந்தால் சேதம் கூடும். காற்றோட்டமும் கரைப்பான் ஆவிக்கான முகமூடியும் வேண்டும். துணியைக் கட்டிக்கொள்வதால் பயன் இல்லை. காச நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி எப்போதாவது போட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

போர்வெல் ரிக் வண்டியில் ஆறு வருடம், வயது 28. ரத்த அழுத்தம் 150/95. கம்ப்ரெசர் சத்தம்தான் காரணமா? (திருச்செங்கோடு)

சத்தத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் ஒருவருக்கு அதுதான் காரணம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இரவெல்லாம் துளையிட்டு, பகலில் வண்டிக்குக் கீழே தூங்கி, கடை உப்பைச் சாப்பிடும் வாழ்க்கையும் காரணம்தான். இந்த வயதில் 150 என்றால் சிறுநீரகம் உட்பட முழுச் சோதனை அவசியம். மாத்திரையை ஊர் மாறும்போது விட்டுவிடாதீர்கள். காதுக்கு இயர்பிளக்கும் அதன் மேலே காதை மூடும் மஃப்பும் இரண்டும் போடுங்கள். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உலர்ந்த பாறையைத் துளைக்கும்போது எழும் வெள்ளைத் தூசி நுரையீரலைக் கல்லாக்கும். தண்ணீர் விட்டுத் துளையுங்கள்.

பவுண்டரியில் 30 வருடம் பெட்லிங் (வார்ப்பின் பிசிறை அரைத்து நீக்கும்) வேலை. வயது 61. இரண்டு காதும் மந்தம். இழப்பீடு கிடைக்குமா? மெஷின் வைத்துக்கொள்ளலாமா? (கோவை)

சத்தத்தால் வரும் கேள்விக் குறைவு தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலும் ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் இருந்தது, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் தொடர்கிறது. தடையாக வருவது சான்றுதான். சேர்ந்த நாளின் ஆடியோகிராம் இல்லாததால் எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிடுவார்கள். உங்கள் வேலைச் சான்று, ஈ.எஸ்.ஐ. அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள் எதையும் தூக்கி எறியாமல் எடுத்துக்கொண்டு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காதுப் பிரிவுக்குப் போய், தொழில்நோயா என்று எழுத்தில் கருத்துக் கேளுங்கள். வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஆடியோகிராம் தாளை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

காது கேட்கும் கருவி அவசியம் வையுங்கள், தள்ளிப்போடாதீர்கள். சந்தையில் விற்கும் ஒலிபெருக்கியை வாங்காதீர்கள், அது எல்லாச் சத்தத்தையும் ஒரேபோல் பெருக்கி இருக்கும் செல்களையும் கெடுக்கும். ஆடியோகிராமைப் பார்த்துப் பொருத்தியதாக இருக்கவேண்டும். பழகிக்கொள்ள மூன்று மாதம் பிடிக்கும்.

தறிச் சத்தம் கேட்காமலிருக்க இயர்போனில் பாட்டு வைத்துக்கொள்கிறேன். இதுவும் இயர்பிளக் மாதிரிதானே? வயது 22. (குமாரபாளையம்)

இல்லை தம்பி. 95 டெசிபலுக்கு மேல் பாட்டுக் கேட்கவேண்டும் என்றால் அதைவிட உரக்க வைத்தாகவேண்டும். தறிச் சத்தமும் பாட்டும் இரண்டும் சேர்ந்து உள்ளே போகின்றன. இயர்போனைக் கழற்றிவிட்டு இயர்பிளக் போடுங்கள். வீட்டுக்குப் போய், காது ஓய்ந்த பிறகு, பாட்டைக் குறைந்த சத்தத்தில் கேளுங்கள். இருபத்திரண்டு வயதில் ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்ள இதைவிட நல்ல சமயம் கிடையாது. 14 மணி நேரக் கணக்கை மறந்துவிடாதீர்கள்.